கண்ணாடிப் படலச் சுருளுக்கு ஒரு தாங்கி

வெயிலின் கடுமையைத் தணிப்பதற்காக மோட்டார் வண்டிகளின் கண்ணாடிகளிலும், வீடுகள், அலுவலகங்கள் ஆகியவற்றின் யன்னல்களிலும் மெல்லிய நிறப்படலம் ஒட்டுவது இக்காலத்தில் பரவலான தொழிலாகிவிட்டது. கடைகளில் இதனை ‘ரின்ற்’ என வழங்குவர். ஒட்டி முடிந்த கண்ணாடியைப் பார்ப்பவர் அதன் பளபளப்பை மெச்சுவர். எங்கேனும் ஒரு மடிப்போ தூசியோ தென்பட்டால், ஒட்டியவரின் கை சரியில்லை என்பர். ஆனால், அந்த மடிப்பும் தூசியும் பல வேளைகளில் கண்ணாடியில் உண்டானவை அல்ல. சுருளிலிருந்து படலத்தை இழுத்து வெட்டும்போதே உண்டானவை. சுருளை நிலத்தில் உருட்டியும், முழங்கால்களுக்கிடையில் இடுக்கியும், உதவியாள் ஒருவரின் கையிற் கொடுத்தும் வேலை செய்யும் இடங்களில் இக்குறை நீங்குவதில்லை. இதனை நீக்கவல்லது சில்லுகள் பூட்டிய எளிய மரத்தாங்கி ஒன்றேயாகும். சாதாரணத் தச்சுக் கருவிகளும் சிறிது பொறுமையும் உடைய எவரும் இதனைத் தாமே செய்துகொள்ளலாம்.

தாங்கியின் அமைப்பை விளங்கிக்கொள்வதற்கு முதலிற் படலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இதன் மூலப்பொருள் பொலியெஸ்ரர். 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், துணி அச்சிடும் நிறுவனம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இரசாயனவியலாளர் இருவர் இதனைக் கண்டுபிடித்தனர். நாம் உடுக்கும் சட்டையிலும் தண்ணீர்ப் போத்தலிலும் இன்று இதே பொருள் வெவ்வேறு உருவங்களில் இடம்பெறுகின்றது. இழுத்தால் எளிதில் அறுந்துபோகாத வலிமை இதற்கு உண்டு. எனினும், ஒருமுறை கூர்மையாக மடிந்துவிட்டால் அந்தத் தழும்பு பின்னர் மறைவதில்லை. துணியின் மடிப்பை நீவி எடுப்பது போல இதன் மடிப்பை எடுக்க இயலாது.

சுருளில் இருப்பது தனிப்படலமும் அன்று. பசை பூசிய நிறப்படலத்தின்மீது, ஒட்டும் வேளையில் உரித்தெறிய வேண்டிய காப்புப்படலம் ஒன்றும் சேர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 75 மைக்கிரோன் தடிப்பு எனக் கொண்டால், 1 மில்லிமீற்றர் உயரத்திற்கு இத்தகைய அடுக்குகள் 13 வேண்டும். பெரிய சுருளின் அகலம் 60 அங்குலம், அதாவது 152 சென்ரிமீற்றர். நீளம் 100 அடி, அதாவது 30.5 மீற்றர். அது 3 அங்குல உள்விட்டமுள்ள கடதாசிக் குழலில் சுற்றப்பட்டிருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால் படலத்தின் எடை 5 கிலோகிராம் அளவும், முழுச் சுருளின் விட்டம் 10 சென்ரிமீற்றர் அளவும் வரும். எடை பெரிதன்று. ஆயினும், ஆளுயரத்தை அண்மிய நீளமும் வழுக்கும் மேற்பரப்பும் உடைய அதனை ஒருவர் தனியே ஒரு கையாற் பிடித்து மறு கையால் வெட்டுதல் எவ்வளவு கடினம் என்பது சொல்லாமலே விளங்கும்.

இன்னொரு தொல்லை மின்னேற்றம். தலைமயிரிற் தேய்த்த சீப்பு கடதாசித் துணுக்குகளை இழுப்பது போல, சுருளிலிருந்து பிரியும் படலமும் சுற்றிலுமுள்ள தூசியைத் தன்பால் இழுக்கின்றது. தரையில் விரித்த படலம் மணலையும் நூற்பிசிரையும் வாரிக்கொண்டு எழும். பசைப்பக்கத்தில் அகப்பட்ட ஒரு மணல் கண்ணாடியின்மேல் ஒரு கொப்புளமாக, படலம் உள்ளவரை நிலைத்திருக்கும்.

எனவே, தாங்கி செய்ய வேண்டிய கடமைகள் மூன்று: சுருளைத் தரையினின்று உயர்த்தி வைத்தல், அது நேராகவும் நிதானமாகவும் சுழல இடமளித்தல், வெட்டுவதற்கு நேரான கோடு ஒன்றைத் தருதல். நெசவுத் தறியில் துணி சுற்றும் படைமரத்தைப் பார்த்தவர்களுக்கு இவ்வமைப்புப் புதியதன்று.

முதலிற் சட்டகம். 4 அங்குல அகலமும் 2 அங்குலத் தடிப்பும் உள்ள மரச்சட்டத்தில், 1 மீற்றர் உயரமான கால்கள் இரண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். இவற்றுக்கிடையே 170 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்குமாறு, கீழே ஒன்றும் நடுவில் ஒன்றுமாக இரு குறுக்குச் சட்டங்களைத் திருகாணியாற் பூட்டுதல் வேண்டும். ஒவ்வொரு காலின் அடியிலும் முன்பின்னாக 60 சென்ரிமீற்றர் நீளமான பாதக்கட்டை அமைய வேண்டும். எல்லாத் திருகாணிகளையும் இறுக்குமுன், கால்களும் குறுக்குச் சட்டங்களும் அடைக்கும் நாற்கோணத்தின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கங்கள் சமமாயிருக்க மூலைவிட்டங்களும் சமமாயின், அது செங்கோணமான சட்டகம். பள்ளிக்கூடத்திற் கற்ற கேத்திரகணிதம் பட்டறையிற் பயன்படும் இடம் இதுவாகும்.

இரண்டாவது அச்சு. இதற்கு 27 மில்லிமீற்றர் வெளிவிட்டமும் 2 மீற்றர் நீளமும் உள்ள, நாகம் பூசிய இரும்புக்குழாய் ஏற்றது. மலிவு கருதிப் பிளாஸ்ரிக் குழாயை நாடுவோர் உண்டு. உருக்கின் விறைப்பு அக்குழாயின் விறைப்பினும் ஏறத்தாழ 60 மடங்கு. ஆதலால், அகலங் குறைந்த சுருளை நடுவில் மாட்டும்போது பிளாஸ்ரிக் குழாய் துணிகாயப்போடும் கொடி போலத் தொய்ந்துவிடும். அச்சுத் தொய்ந்தால் படலமும் ஒருபக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்து, அலையாகச் சுருங்கும்.

கடதாசிக் குழலின் துவாரம் குழாயினும் மிகப் பெரியது. அந்த இடைவெளியை நிரப்ப இரண்டு மரமுளைகள் வேண்டும். ஒருமுனை 70 மில்லிமீற்றர், மறுமுனை 82 மில்லிமீற்றர் விட்டமாகச் சரிந்து செல்லும்படி அவற்றைக் கடைந்தால், குழலின் இரு வாய்களிலும் அவை தாமாகவே நடுமையத்தில் இறுகும். ஒரு முளையைக் குழாயில் நிலையாகப் பூட்டி, மற்றதைக் கையால் முறுக்கத்தக்க திருகாணியாற் பிணைத்தால், சுருளை மாற்றுதல் எளிதாகும். கால்களின் தலைப்பில் குழாய் அமர்வதற்கான பள்ளங்களைச் செங்குத்தாக வெட்டலாகாது. வாய் பின்புறமாகவும் அடி முன்புறமாகவும் சற்றே சரிய வெட்ட வேண்டும். அப்போது படலத்தை முன்னே இழுக்குந்தோறும் அச்சு பள்ளத்தின் அடியில் நன்றாக அமருமேயன்றி வெளியே துள்ளாது.

மூன்றாவது தடை. தங்குதடையின்றிச் சுழலும் சுருள் நல்லதெனப் பலர் எண்ணுவர். அது தவறான எண்ணம். இழுத்த கை நின்ற பின்னும் சுருள் ஓடிக்கொண்டேயிருந்தால், படலம் தளர்ந்து தொங்கி மடியும். குழாயின் வெளிநீட்டிய முனையின்மேல் ஒரு தோற்பட்டையைப் போட்டு, அதன் ஒரு நுனியைக் காலிற் பிணைத்து, மறு நுனியில் சிறு எடையொன்றைத் தொங்கவிட்டால் போதும். இழுக்கும்போது சுழன்று, விட்டவுடன் நிற்கும் அளவிற்கு எடையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். தீரத் தீரச் சுருளின் விட்டம் 10 சென்ரிமீற்றரிலிருந்து 8.6 சென்ரிமீற்றர் வரையே குறைவதால், எடையை அடிக்கடி திருத்த வேண்டியதில்லை.

நான்காவது வெட்டுப்பலகை. அச்சுக்கு முன்னே 20 சென்ரிமீற்றர் தள்ளி, அதே உயரத்தில், அதற்குச் சமாந்தரமாக ஒரு பலகை பூட்டி, அதன் நீளத்திற்கும் கத்தி ஓடுவதற்கு ஒடுங்கிய தவாளிப்பு ஒன்றை இழைக்க வேண்டும். படலத்தைத் துணி ஒட்டிய சட்டத்தால் அழுத்திப் பிடித்து, தவாளிப்பின் வழியே ஒரே இழுப்பில் வெட்டலாம். சமாந்தரத்தில் 1 பாகை பிசகினாலும், 152 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டு 2.65 சென்ரிமீற்றர் விலகிவிடும். மொட்டையான கத்தி படலத்தைக் கிழிக்கும். ஜப்பானில் ஒக்காடா என்பவர் 1956இல் ஆக்கிய, நுனி ஒடித்துப் புதுக்கூர் பெறும் கத்தியே இவ்வேலைக்கு உகந்தது.

இறுதியாகச் சில்லுகள். பாதக்கட்டைகளின் கீழே எப்பக்கமும் திரும்பக்கூடிய சில்லுகள் நான்கு பூட்டி, அவற்றுள் இரண்டேனும் பூட்டி நிறுத்தத்தக்கனவாக அமைத்தல் வேண்டும். இப்போது தாங்கி வண்டியின் அருகே வரும். வெட்டிய படலத்தைக் காற்றிற் பிடித்துக்கொண்டு பட்டறை முழுதும் நடக்க வேண்டியதில்லை. ஆனால், சரிந்து விழாமையையும் கவனிக்க வேண்டும். சுருளோடு தாங்கியின் எடை 25 கிலோகிராம் எனக் கொள்வோம். அடியகலம் 60 சென்ரிமீற்றராயின், 1 மீற்றர் உயரத்தில் 7.5 கிலோகிராம் அளவான இழுப்பு அதனைச் சரிக்கும். அடியகலம் பாதியானால் அதிற் பாதி இழுப்பே போதும். கீழ்க்குறுக்குச் சட்டத்தின்மேல் 15 கிலோகிராம் மணல்மூட்டை ஒன்றை வைத்தால், முன்னைய 7.5 கிலோகிராம் 12 ஆக உயரும். செலவில்லாத காவல் இது.

மரம் முழுவதையும் மணற்கடதாசியால் தேய்த்து எண்ணெய்ப்பூச்சுப் பூசிய பின்னரே சுருளை ஏற்ற வேண்டும். சிராய் ஒன்று படலத்திற் கீறல் இடுவதற்குப் போதுமானது. வேலையில்லாத நேரங்களிற் சுருளைப் பருத்தித் துணியால் மூடிவைப்பதும், இழுக்குமுன் சுற்றுப்புறத்தில் நீரைத் தூவலாகத் தெளிப்பதும் தூசியை அடக்கும்.

30.5 மீற்றர் சுருளில் 60 சென்ரிமீற்றர் மடிந்து கெட்டாலும் நூற்றுக்கு 2 பங்கு நட்டம். ஒவ்வொரு சுருளிலும் இவ்வாறு இரண்டு மூன்று தடவை நேர்ந்தால், சிறு முதலுடன் தொழில் நடத்துபவரின் ஊதியத்தில் எவ்வளவு கரைந்துவிடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அதனிலும் பெரிய நட்டம் வேறொன்று உண்டு. தொழில் பழக வந்த இளைஞன், தாங்கியில்லாத இடத்தில் மடிந்துபோன படலத்திற்காகக் கடிந்துரைக்கப்படுகின்றான். தன் கை இத்தொழிலுக்கு ஆகாது என நம்பி, சில மாதங்களில் அதனைக் கைவிட்டும் போகின்றான். அவனது கையைக் குறைகூறுமுன், அந்தக் கைக்கு எத்தகைய கருவி கொடுக்கப்பட்டது என நோக்குவதே பட்டறை நடத்துவோரின் கடமையாகும். நான்கு சில்லும், ஒரு குழாயும், சில மரச்சட்டங்களுமே அதற்கு வேண்டியவை.