படை நம்முடையது, பட்டா யாருடையது?

காரைக்கால் கரையில் வலை இழுக்கும் தோழனே! உன் உடம்பிலே ஒரு படை இருக்கிறது. கிருமி நுழைந்தால் பாய்ந்து மடக்கும் படை. எதிர்ப்பொருள் என்பது அதன் பெயர். கூலி கேட்பதில்லை, ஓய்வு கேட்பதில்லை. ஆனால் அந்தப் படையாள் ஒருவனை ஆய்வுக்கூடத்திலே வளர்த்துக் குப்பியில் அடைத்துவிட்டால், உடனே வருகிறான் ஓர் உரிமையாளன்! காப்புரிமைச் சீட்டை நீட்டுகிறான். “20 ஆண்டுக் காலம் என் அனுமதியின்றி எவனும் செய்யாதே” என்கிறான்.

இந்த வித்தையைக் கண்டவர்கள் யார்? அர்ஜெண்டினாவில் பிறந்த மில்ஸ்டைன், ஜெர்மானியரான கோலர். 1975இல், கேம்பிரிட்ஜ் நகரிலே, எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் உயிரணுவையும் ஓயாது பெருகும் புற்று உயிரணுவையும் இணைத்தனர். ஒரே வகை எதிர்ப்பொருள் ஊற்றெனச் சுரந்தது. 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. காப்புரிமை? அதை அவர்கள் பெறவே இல்லை! விதை பொதுவாயிற்று, விளைச்சலுக்குத்தான் பிறகு வந்தவர்கள் வேலி போட்டார்கள்.

டிராஸ்டுசுமாப் என்றொரு மருந்து. மார்பகப் புற்றுற்ற பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏற்றது. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவிலே ரோச் நிறுவனம் கேட்ட விலை, குப்பி ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய்! தாலியை விற்றாலும் தீருமா அந்தக் கணக்கு? கண்டனம் எழுந்தது. 2012இல் விலை இறங்கிற்று. 2013இல் இந்தியக் காப்புரிமையையே கைவிட்டது நிறுவனம். 2014இல் பெங்களூர் பயோகான் தன் மருந்தைக் கொண்டுவந்தது. விலை குறைந்தது, ஆனால் கால் பங்குதான்! ஏன்? இது மாத்திரை அல்ல. உயிரணுவை வளர்த்துப் பிரித்தெடுக்க வேண்டிய புரதம். செய்யத் தெரிந்த ஆலைகள் சில. போட்டியும் அவ்வளவே.

கண்டுபிடித்தவனுக்குக் கூலி கூடாது என்கிறோமா? இல்லை. கூலி வேறு, கொள்ளை வேறு!

1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சு நாடு, 1844ஆம் ஆண்டுச் சட்டத்திலே என்ன எழுதியது? மருந்துக்குக் காப்புரிமை கிடையாது என்று! 1959 வரை மருந்துப் பொருளுக்கு அந்த விலக்கு நின்றது. அதே 1959இல், இங்கே நீதிபதி இராசகோபால அய்யங்கார் தந்த அறிக்கையின் வழியே 1970ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது: செய்முறைக்கு உரிமை உண்டு, மருந்துக்கு இல்லை. உலக வர்த்தக உடன்பாட்டால் 2005இல் அந்தக் கதவு மூடிற்று.

ஆனால் சாளரம் ஒன்று திறந்திருக்கிறது. மக்களால் வாங்க முடியாத விலையென்றால் பிறருக்குக் கட்டாய உரிமம் வழங்கலாம் என்கிறது 84ஆம் பிரிவு. 2012இல் அது முதன்முறை பயன்பட்டது. மாதம் 2 லட்சத்து 80 ஆயிரமாக இருந்த புற்றுநோய் மாத்திரையின் விலை 9 ஆயிரத்துக்கும் கீழே வந்தது!

ஆயுதம் சட்டத்திலே இருக்கிறது. அதோடு எதிர்ப்பொருள் செய்யும் அரசு ஆலையும் வேண்டும். இரண்டையும் கேள், தோழனே! கேளாத செவியும் கேட்கும்வரை கேள்!