யாருக்கென்று தெரியாமல் அனுப்பும் செய்தி

இணையக் கடையில் ‘வாங்கு’ பொத்தானைத் தொடுகிறீர்கள். இருப்புக் கணக்கில் ஒன்று குறைகிறது. ரசீது தயாராகிறது. உங்கள் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. பொருளைக் கட்டி அனுப்பச் சொல்லிக் கிடங்குக்குத் தகவல் போகிறது. தொட்டது ஒரே பொத்தான். நடந்தது நான்கு வேலை. இந்த நான்கையும் செய்யச் சொன்னது யார்?

பெரிய செயலியை யாரும் ஒரே நீள நிரலாக எழுதுவதில்லை. சின்னச் சின்ன அலகுகளாகப் பிரித்துத்தான் எழுதுவார்கள். அந்த அலகுக்குக் ‘கிளாஸ்’ என்று பெயர். ஒரு வேலைக்கு வேண்டிய தகவலும் அதைச் செய்யும் முறையும் அதற்குள் ஒன்றாக இருக்கும். நம் கடையில் ஆர்டர் ஒரு கிளாஸ். இருப்பு, ரசீது, குறுஞ்செய்தி, கிடங்கு எல்லாம் தனித்தனி கிளாஸ்கள்.

முதலில் தோன்றும் வழி நேரடி அழைப்பு. ஆர்டர் இருப்பைக் கூப்பிடும். பிறகு ரசீதை, பிறகு மற்றவற்றை. இதில் தவறே இல்லை, நன்றாக ஓடும். ஆனால் வாடிக்கையாளருக்குப் பரிசுப் புள்ளி தர வேண்டும் என்று கடைக்காரர் ஒருநாள் சொல்வார். ஆர்டர் கிளாஸைத் திறந்து ஒரு வரி சேர்க்க வேண்டும். பிறகு விற்பனை அறிக்கை வேண்டும் என்பார். மறுபடியும் திறக்க வேண்டும். ஆர்டரின் வேலை துளியும் மாறவில்லை. ஆனால் அதன் நிரலில் ஆளாளுக்குக் கை வைக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கலின் அளவு புரியும். 5 கிளாஸ்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசினால் 10 இணைப்புகள். 10 கிளாஸ்கள் என்றால் 45. 20 ஆனால் 190! கிளாஸ் நான்கு மடங்கு பெருகும்போது இணைப்பு 19 மடங்கு பெருகிவிடுகிறது. ஓரிடத்தில் செய்த திருத்தம் எங்கே போய் வெடிக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இந்த முடிச்சை அவிழ்த்த யோசனை, பள்ளிக்கூட மணியைப் போன்றது. மணி ஒருமுறைதான் அடிக்கும். அதைக் கேட்டு ஆசிரியர் வகுப்பை முடிப்பார், பிள்ளைகள் ஓடுவார்கள், சத்துணவுக்கூடத்தில் தட்டுகள் எடுத்து வைக்கப்படும். யார் என்ன செய்கிறார்கள் என்பது மணிக்குத் தெரியாது. நாளை புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தாலும் மணியை மாற்ற வேண்டியதில்லை.

நிரலில் அந்த மணியோசைக்கு ‘ஈவென்ட்’ அல்லது நிகழ்வு என்று பெயர். “ஆர்டர் பதிவானது” என்று ஆர்டர் கிளாஸ் அறிவிக்கும். அத்தோடு அதன் பொறுப்பு முடிந்தது. அக்கறை உள்ள கிளாஸ்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்திருக்கும். அவற்றைக் கேட்போர் என்பார்கள்.

உள்ளே திறந்து பார்த்தால் இதற்காகப் பெரிய எந்திரம் எதுவும் இல்லை என்பதுதான் வியப்பு. ஆர்டர் கிளாஸின் நினைவகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் கேட்போர் ஒவ்வொருவரின் நினைவக முகவரி. இன்றைய 64 பிட் கணினியில் ஒரு முகவரிக்கு 8 பைட் போதும்; ஐந்து கேட்போருக்கு 40 பைட். நிகழ்வு நடந்ததும் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து ஒவ்வொரு முகவரியையும் அழைக்க வேண்டியதுதான். ஒரு சிறு பட்டியலும் ஒரு சுழற்சியும் சேர்ந்து 190 இணைப்புச் சிக்கலை அவிழ்த்துவிடுகின்றன.

நீங்கள் தொட்ட அந்தப் பொத்தானும் இப்படித்தான் வேலை செய்கிறது. பொத்தானின் நிரலை எழுதியவர் இந்தக் கடையைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. கடை தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பேகூட அதை எழுதியிருக்கலாம். இருந்தும் அது உங்கள் ஆர்டரைச் சரியாக எழுப்புகிறது. பட்டியலில் ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைத்ததால், முன்பின் அறியாத இருவரின் நிரல்கள் கைகோத்துக்கொள்கின்றன.

இந்த யோசனையின் வேர் 1970களில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஸ்மால்டாக் என்ற கணினிமொழி உருவானது. நார்வேக்காரரான டிரிக்வே ரீன்ஸ்காக் அங்கே 1979இல், தகவலையும் அதைத் திரையில் காட்டும் பகுதியையும் பிரித்து வைக்கும் அமைப்பை வடிவமைத்தார். ஸ்மால்டாக்கில் ஒரு பொருள் “நான் மாறிவிட்டேன்” என்று மட்டும் சொல்லும். அதைச் சார்ந்தவை தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும். 1994இல் வெளிவந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூல் தொகுத்த 23 நிரல் வடிவங்களில் இதற்கு ‘அப்சர்வர்’ என்ற பெயரில் இடம் கிடைத்தது.

எளிய பட்டியலுக்குள்ளும் நுட்பமான பொறிகள் உண்டு. அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கேட்போரில் ஒருவர் தன் பெயரை நீக்கிக்கொண்டால்? அடுத்தவர் ஓரிடம் முன்னால் நகர்ந்துவிடுவார். அவரை அழைக்காமலே சுழற்சி தாண்டிப் போய்விடும். அதனால் பட்டியலை நகல் எடுத்து, நகலைப் பார்த்தே அழைக்கும் வழக்கம் வந்தது. இன்னொரு பொறி: வேலை முடிந்த ஒருவரின் பெயரை நீக்க மறந்தால், அவருடைய முகவரி பட்டியலிலேயே கிடக்கும். இன்னும் தேவைப்படுகிறது போலும் என்று எண்ணி, அவருக்கான நினைவகத்தைக் கணினி விடுவிக்காது. செயலி நாள்பட நாள்படக் கனத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரமும் கவனிக்க வேண்டிய ஒன்று. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால், ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி. கண் இமைப்பதைவிடக் குறைவு. கேட்போர் எல்லாரும் அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். கேட்போரில் ஒருவர் குறுஞ்செய்தி போய்ச் சேரும்வரை காத்திருந்தால் போதும், திரை உறைந்துவிடும். ஆகவே நிகழ்வுகளை வரிசையில் போட்டுவிட்டு, நேரம் பிடிக்கும் வேலைகளைத் தனியே ஓடவிடுகிறார்கள்.

இத்தனை வசதிக்கும் ஒரு விலை உண்டு. நேரடி அழைப்பில், எதன்பின் எது நடக்கும் என்பதை நிரலை வாசித்தே அறியலாம். நிகழ்வு முறையில் அந்தத் தொடர்ச்சி கண்ணில் படாது. ஒரு நிகழ்வு இன்னொன்றை எழுப்பி, அது திரும்ப முதலாவதையே எழுப்பினால் முடிவில்லாத சுற்றில் மாட்டிக்கொள்வோம். கேட்போரில் யார் முதலில் ஓடுவார் என்பதை நம்பி எழுதிய நிரல் என்றைக்காவது கவிழும்.

அப்படியானால் எப்போது எதைத் தேர்வது? பதில் வாங்காமல் அடுத்த அடி வைக்க முடியாது என்றால் நேரடியாகக் கேளுங்கள். பணம் வந்துவிட்டதா என்பது அப்படிப்பட்ட கேள்வி. நடந்து முடிந்த ஒன்றைத் தெரிவிக்க வேண்டும், யாருக்கெல்லாம் அது தேவைப்படும் என்பது நாளைக்குத்தான் தெரியும் என்றால், நிகழ்வாக அறிவியுங்கள். இந்த ஒரு வேறுபாட்டை முதல் நாளே வகுத்துக்கொண்டால், உங்கள் செயலி பல ஆண்டுகள் சிக்கலின்றி வளரும்.