பாட்டுக்கு ஓர் எண், பொருளுக்கு ஓர் எண்: உள்ளூர் இசைக்குழுக்கள் அறிய வேண்டியவை

யோகி பி - நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, பாடல் என்றால் இசைவட்டு என்றே பலரும் எண்ணினர். இன்று சொந்தச் செலவில் பாடல் வெளியிடும் ஒரு குழு, இணையத் தளங்களில் பாடலை ஏற்றுகிறது. மேடை நிகழ்ச்சியில் டி-சட்டை விற்கிறது. தீபாவளிச் சந்தையில் தொப்பியும் இசைவட்டும் அடுக்குகிறது. பொருளைக் கடைக்குக் கொண்டு சென்றதும் "பார்கோடு இருக்கிறதா?" என்ற கேள்வி எழுகிறது.

அந்த அவசரத்தில், இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஏதோ ஓர் எண்ணை வாங்கிவிடும் குழுக்கள் உண்டு. தேவையே இல்லாத இடத்தில் பணம் கட்டுவோரும் உண்டு. எந்த எண் எதற்கு என்பது தெரிந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

955 என்பது என்ன?

கடைக் கல்லாவில் பார்கோடு முதன்முதலில் வருடப்பட்டது 1974 ஜூன் 26ஆம் தேதி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டிராய் நகரப் பேரங்காடி ஒன்றில் விற்ற சூயிங்கம் பொட்டலம் அது. நம் நாட்டில் வழங்கும் பார்கோடுக்கு 13 இலக்கங்கள். தொடக்கத்தில் உள்ள 955, அந்த எண்ணை ஜி.எஸ்.1 மலேசியா அமைப்பு வழங்கியது என்பதைக் காட்டும். சிங்கப்பூருக்கு 888, இந்தியாவுக்கு 890. பொருள் எங்கே தயாரானது என்பதை இந்த எண் சொல்லாது. அடுத்து வருபவை நிறுவனத்திற்கும் பொருளுக்கும் உரியவை.

கடைசி இலக்கம் பிழையைக் கண்டுபிடிக்க உதவும் சரிபார்ப்பு எண். 955012345678 என்ற 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டல் 30. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டல் 25. அதை மூன்றால் பெருக்கினால் 75. மொத்தம் 105. அதை அடுத்த பத்தின் மடங்கான 110 ஆக்க 5 தேவை. அந்த 5தான் பதின்மூன்றாவது இலக்கம்.

விலையோ பொருளின் பெயரோ கோடுகளுக்குள் இல்லை. அவை கடையின் கணினியில் இருக்கும். பார்கோடு செய்யும் வேலை, 'இது இந்தப் பொருள்' என்று அடையாளம் காட்டுவது மட்டுமே. அந்த அடையாளத்திற்கு எவ்வளவு மதிப்பு என்பதை இசை உலகம் 1991இல் கண்டது. அந்த ஆண்டில் அமெரிக்காவின் பில்போர்ட் இதழ், கடைக்காரர்களைக் கேட்டுத் தொகுத்த இசைத்தொகுப்புப் பட்டியலை விட்டுவிட்டு, கல்லாவில் பதிவான விற்பனையை எண்ணத் தொடங்கியது. அதன் பிறகு ராப் இசைத்தொகுப்புகள் பட்டியலின் உச்சிக்கு ஏறின.

பாடலின் அடையாள எண் வேறு

பார்கோடு விற்பனைப் பொருளுக்கு உரியது. தொகுப்பில் உள்ள ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எனும் 12 குறிகள் கொண்ட தனி எண் வேண்டும். மலேசியாவில் இதனைக் கவனிப்பது ரிம் எனப்படும் மலேசிய ஒலிப்பதிவுத் தொழில்துறைச் சங்கம்.

தனிப்பாடலாக வந்த அதே பதிவு பின்னர் தொகுப்பில் இடம்பெற்றாலும் இந்த எண் மாறாது. ரீமிக்ஸ், கரோக்கி, மேடைப் பதிவு ஆகியவற்றுக்குப் புதிய எண் வேண்டும். விநியோக நிறுவனத்தை மாற்றும் குழுக்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். பழைய எண்ணைக் கொடுக்காமல் பாடலை மீண்டும் ஏற்றினால் அது புதிய பதிவாகக் கருதப்படலாம். அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை கைவிட்டுப் போகக்கூடும்.

பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமத்தொகைக்கு இந்த எண் மட்டும் போதாது. அதற்கு எம்.ஏ.சி.பி. அமைப்பில் உறுப்பினராகிப் படைப்பைப் பதிய வேண்டும்.

எங்கே விற்கப் போகிறீர்கள்?

பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

இணையத்தில் பாடல் வெளியிட மட்டுமே திட்டம் என்றால், டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனங்களே தொகுப்புக்குப் பார்கோடு எண்ணையும் பாடல்களுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையும் தந்துவிடும். மேடையருகே மேசை போட்டு விற்பதற்குப் பார்கோடே வேண்டாம்.

பேரங்காடியிலோ பெரிய இசைக் கடையிலோ வெளிநாட்டு இணையச் சந்தையிலோ விற்பதானால் ஜி.எஸ்.1 மலேசியாவில் உறுப்பியம் பெறுவதே முறை. குழுவின் பெயர் மட்டும் இருந்தால் போதாது; எஸ்.எஸ்.எம். பதிவு பெற்ற வணிகம் வேண்டும். ஆண்டுக் கட்டணமும் உண்டு.

எத்தனை எண்கள் தேவை என்பதையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். இரண்டு வண்ணங்களில், நான்கு அளவுகளில் டி-சட்டை போட்டால் எட்டு எண்கள். இசைவட்டுக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. ஆக மொத்தம் பத்து. இணையத் தொகுப்புக்கு விநியோக நிறுவனம் தந்த எண்ணை இசைவட்டின் அட்டையில் அச்சிடக் கூடாது; இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

மலிவு எண்ணில் உள்ள சிக்கல்

இணையத்தில் ஒருமுறைக் கட்டணத்தில் விற்கப்படும் எண்களில் பல, வேறொரு நிறுவனத்தின் பெயரில் முன்பே பதிவானவை. கல்லாவில் அவை 'பீப்' என்று ஒலிக்கும். ஆனால் ஜி.எஸ்.1 தரவுத்தளத்தில் தேடினால் உங்கள் குழுவின் பெயர் வராது. அமேசான் போன்ற சந்தைகள் அந்தத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் பொருள் நிராகரிக்கப்படலாம். அச்சடித்த அட்டைகள் அனைத்தும் அப்போது வீண். வாங்கும் முன், 'வெரிஃபைட் பை ஜி.எஸ்.1' எனும் இலவசத் தேடல் பக்கத்தில் அந்த எண் யார் பெயரில் உள்ளது என்று பார்த்துவிடலாம்.

அச்சுக்கு அனுப்பும் முன்

பார்கோடின் வழக்கமான அளவு, ஓர வெற்றிடத்தையும் சேர்த்து ஏறத்தாழ 37 மில்லிமீட்டர் அகலம், 26 மில்லிமீட்டர் உயரம். 80 விழுக்காட்டிற்குக் கீழே சுருக்கக் கூடாது. வருடும் கருவிகள் பல சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவதால் சிவப்புக் கோடுகள் அவற்றுக்குத் தெரியாது. கறுப்பு அட்டை என்றால், வெள்ளைக் கட்டம் போட்டு அதற்குள் கறுப்புக் கோடுகளை வையுங்கள். டி-சட்டையில், தொங்கும் அட்டையில் அச்சிட்டால் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் முன் குழுவினர் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய ஒன்று உண்டு. எண்கள் யார் பெயரில் பதிவாகப் போகின்றன? ஒருவரின் சொந்த வணிகப் பெயரில் பதிந்துவிட்டு, நாளை அவர் குழுவை விட்டு விலகினால் இசைவட்டின் எண்ணும் அவரோடு போய்விடும். அந்த முடிவை எழுத்தில் வையுங்கள். கூடவே பாடல், ஐ.எஸ்.ஆர்.சி. எண், பொருள், பார்கோடு எண், பதிவு செய்த நாள் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் குறித்து, குழுவில் குறைந்தது இருவரிடம் அதன் நகல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.