பாதிக்குப் பாதி

கணினிக் கடையில் நினைவக அட்டை வாங்கினால் அதன் பெட்டியில் டி.டி.ஆர்.5 – 6400 என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு தரவுத் தடத்திலும் நொடிக்கு 640 கோடி பிட்டுகள் ஓடும் என்று பொருள். ஆனால் அந்த ஓட்டத்தை நடத்தும் கடிகாரத் துடிப்பு நொடிக்கு 320 கோடி முறைதான் ஏறி இறங்குகிறது. மின்னழுத்தம் ஏறும்போது ஒரு பிட், இறங்கும்போது இன்னொரு பிட். 2000-இல் ஜெடெக் அமைப்பு தரப்படுத்திய டி.டி.ஆர். முறையின் உயிர்நாடி இதுதான்.

ஏற்றத்தை மட்டும் நம்பியிருந்த பழைய நினைவகங்களில், துடிப்பு மேலே எவ்வளவு நேரம் நின்றது என்பது பெரிய கவலையாக இருக்கவில்லை. இறக்கத்தையும் வேலைக்கு அழைத்ததும் நிலைமை மாறிவிட்டது. மேலே நிற்கும் நேரமும் கீழே நிற்கும் நேரமும் சமமாக இருந்தால்தான் இரண்டு பிட்டுக்கும் ஒரே அளவு இடம் கிடைக்கும். ஒரு சுழற்சியில் துடிப்பு மேலே நிற்கும் பங்குக்கு டூட்டி சைக்கிள் என்று பெயர். வேண்டியது 50 விழுக்காடு.

கணக்கைப் பாருங்கள். 320 கோடித் துடிப்பில் ஒரு சுழற்சிக்கு 312.5 பைக்கோநொடி, ஒரு பைக்கோநொடி என்பது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பாதி, அதாவது ஒரு பிட்டின் பங்கு, 156 பைக்கோநொடி. டூட்டி சைக்கிள் 53 ஆகிவிட்டால் ஒரு பிட்டுக்கு 166 கிடைக்கும், அடுத்ததற்கு 147 மட்டுமே மிஞ்சும். கூடுதலாகக் கிடைத்தவனால் யாருக்கும் பயனில்லை. குறைந்தவன்தான் தடுமாறி, 0 என்பதை 1 என்று படிக்க வைப்பான். ஒரு விழுக்காட்டுப் பிசகு 3 பைக்கோநொடி. அந்த நேரத்தில் ஒளியே ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது.

இந்தக் கோணலின் வேர் சிலிக்கனின் இயல்பிலேயே இருக்கிறது. சிப்புக்குள் துடிப்பைச் சுமந்து செல்பவை இன்வெர்ட்டர் எனப்படும் சின்னஞ்சிறு சுற்றுகளின் சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு டிரான்சிஸ்டர்கள்: ஒன்று மின்னழுத்தத்தை மேலே இழுக்கும், மற்றது கீழே இழுக்கும். கீழே இழுப்பதில் எலெக்ட்ரான்கள் ஓடுகின்றன. மேலே இழுப்பதில் துளைகள், அதாவது எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள். சிலிக்கனில் துளைகள் எலெக்ட்ரான்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு மந்தம். அதை ஈடுகட்ட மேலிழுக்கும் டிரான்சிஸ்டரை அகலமாக வரைவது வழக்கம். அடுத்தடுத்த இரண்டு இன்வெர்ட்டர்கள் ஒன்றின் கோணலை மற்றொன்று ஓரளவு நிமிர்த்தவும் செய்யும். ஆனாலும் ஒரே சிப்பில் பக்கத்துப் பக்கத்தில் பிறந்த இரண்டு டிரான்சிஸ்டர்கள்கூட அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. மிச்சமிருக்கும் வேறுபாடு, நிலைக்கு நிலை சேர்ந்துகொண்டே போகிறது.

இரண்டு மடங்கு வேகத்தில் துடிப்பை உண்டாக்கி அதை இரண்டால் வகுத்தால் சரிபாதி கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும், ஆனால் பிறக்கும் இடத்தில் மட்டும். கெடுவது வழியில்தான். ஆகவே துடிப்பு போய்ச் சேரும் இடத்திலேயே அளந்து திருத்த வேண்டும்.

அங்கேதான் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சூழ்ச்சி வருகிறது. 3 பைக்கோநொடிப் பிசகை அளக்க, அதைவிட நுட்பமான கடிகாரம் எதுவும் தேவையில்லை. ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். துடிப்பு மேலே இருக்கும்போது ஒரு குழாய் நீரை நிரப்புகிறது. கீழே இருக்கும்போது இன்னொரு குழாய் அதே வேகத்தில் வெளியேற்றுகிறது. இரு பாதியும் சமமென்றால் நீர்மட்டம் நிற்கும். துளி பிசகினாலும் மட்டம் மெல்ல ஏறும் அல்லது இறங்கும். சிப்பில் தொட்டியின் இடத்தில் இருப்பது ஒரு மின்தேக்கி. வெறும் சராசரியை எடுத்தாலும் போதும்: 0-க்கும் 1.1 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கும் துடிப்பு சரிபாதியாக இருந்தால் அதன் சராசரி 0.55 வோல்ட். டூட்டி சைக்கிள் 51 ஆனால் சராசரி 11 மில்லிவோல்ட் கூடும். கண்மூடித் திறப்பதற்குள் எத்தனையோ கோடி முறை நிகழும் ஒன்றின் பிசகு, அசையாமல் நிற்கும் மின்னழுத்தமாக மாறிவிடுகிறது! அதைப் பார்த்துத் திருத்தும் சுற்று, ஒரு விளிம்பை, அதாவது துடிப்பு ஏறும் அல்லது இறங்கும் கணத்தை, சற்றே தாமதப்படுத்துகிறது. ஏறும் விளிம்பு தாமதமானால் மேல்பாதி சுருங்கும். இறங்கும் விளிம்பு தாமதமானால் நீளும்.

நிரப்பும் குழாயும் வெளியேற்றும் குழாயும் உண்மையிலேயே சமமா என்ற கேள்வி எஞ்சுகிறது. அவையும் டிரான்சிஸ்டர்கள்தானே. அதனால் நல்ல வடிவமைப்புகளில் துடிப்பையும் அதன் தலைகீழ் வடிவத்தையும் இடம்மாற்றிக் கொடுத்து இரண்டு முறை அளப்பார்கள். துடிப்பின் பிசகு குறி மாறும். அளக்கும் சுற்றின் சொந்தப் பிசகு மாறாது. அதைக் கழித்துவிடலாம்.

ஒருமுறை திருத்தினால் தீர்ந்துவிடுவதுமில்லை. மேலிழுக்கும் டிரான்சிஸ்டர், வெப்பத்தில் நெடுநேரம் இயங்கு நிலையிலேயே வைக்கப்பட்டால் மெல்ல மெல்ல மந்தமாகும். ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தில் எல்லா இன்வெர்ட்டர்களும் ஏறக்குறைய சமமாக மூப்படைகின்றன. மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும்போதோ, சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒன்றுதான் அந்த அழுத்தத்தில் சிக்குகிறது. தாமதம் முழுவதும் ஒரே விளிம்பில் குவிகிறது. பக்கத்து இன்வெர்ட்டர் அதை நிமிர்த்தித் தராது.

2020-இல் வெளியான டி.டி.ஆர்.5 தரம், டூட்டி சைக்கிளைச் சரிசெய்யும் சுற்றை நினைவகச் சிப்புக்குள்ளேயே வைத்தது. கணினியின் நினைவகக் கட்டுப்படுத்தி அதன் அமைப்பை ஒரு படி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, தரவு மிகத் தெளிவாகப் படிக்கப்படும் நிலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.