ஸ்போர்ட் மோடைத் தட்டினால் காருக்குள் என்ன நடக்கிறது?

இந்தியாவில் 2024 மார்ச்சில் விற்பனைக்கு வந்த எலெக்ட்ரிக் செடான், பிஒய்டி சீல். இதன் டாப் வேரியன்ட்டான பெர்ஃபாமன்ஸில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு மோட்டார்கள். 530 பிஎஸ் பவர், 670 நியூட்டன் மீட்டர் டார்க். 3.8 விநாடிகளில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும் என்கிறது நிறுவனம். பல கோடி ரூபாய் ஸ்போர்ட்ஸ் கார்களிடம் மட்டுமே இருந்த இந்த வேகம், குழந்தைகளைப் பள்ளியில் விடும் குடும்பக் காருக்கே வந்துவிட்டது. அப்படியென்றால், ஈகோ, நார்மல், ஸ்போர்ட் என்று ஸ்க்ரீனில் தெரியும் மோடுகள் என்ன செய்கின்றன என்று வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்குமே தெரிந்திருக்க வேண்டும்.

மிதிப்பது நீங்கள், முடிவெடுப்பது கம்ப்யூட்டர்!

எலெக்ட்ரிக் காரின் ஆக்ஸிலரேட்டர் பெடல், ஒரு சென்ஸார். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதை அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். எவ்வளவு டார்க் தரலாம் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். பேட்டரியின் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர், அந்த அளவு மின்சாரத்தை மோட்டாருக்கு அனுப்பும். இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

டிரைவ் மோடு மாற்றுவது இந்தக் கணக்கைத்தான். ஈகோவில் பெடலைப் பாதி அழுத்தினால் கார் நிதானமாகக் கிளம்பும். ஸ்போர்ட்டில் அதே அளவு அழுத்தினால் சீறும். பல கார்களில் ஈகோவில் ஏசியின் வேகமும் குறையும்.

பெட்ரோல் இன்ஜினில் ஆர்பிஎம் ஏற ஏறத்தான் டார்க் முழுமையாகக் கிடைக்கும். மோட்டாரிலோ நின்ற இடத்திலேயே முழு டார்க்கும் தயார். அதனால்தான் பெட்ரோல் காரில் பழகிய கால், எலெக்ட்ரிக் காரில் முதல் சில நாள்கள் தடுமாறுகிறது.

போர்ஷே, டெஸ்லா என்ன செய்கின்றன?

போர்ஷே டைகன் காரில் ரேஞ்ச், நார்மல், ஸ்போர்ட், ஸ்போர்ட் ப்ளஸ் என மோடுகள் உண்டு. எலெக்ட்ரிக் கார்களில் பெரும்பாலும் ஒரே கியர்தான். டைகனின் பின் ஆக்ஸிலில் மட்டும் இரண்டு கியர்கள். நின்ற இடத்திலிருந்து பாய்வதற்கு முதல் கியர். நெடுஞ்சாலைக்கு இரண்டாவது கியர். 2019-ல் வந்த டைகன் டர்போ எஸ் காரின் வழக்கமான பவர் 625 பிஎஸ். லான்ச் கன்ட்ரோலில் மட்டும், சில விநாடிகளுக்கு 761 பிஎஸ் வரை கிடைக்கும்.

ஏன் சில விநாடிகள் மட்டும்? வெப்பம்தான் காரணம். மின்சாரத்தின் அளவு இரண்டு மடங்கானால், மின்தடையால் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். பேட்டரி, மோட்டார், இன்வெர்ட்டர் மூன்றும் சூடாகும்போது, கம்ப்யூட்டர் தானாகவே பவரைக் குறைத்துவிடும். சார்ஜ் மிகவும் குறைந்திருந்தாலும் இதே கதைதான். எந்த மோடில் இருந்தாலும் முழு பவர் கிடைக்காது. டெஸ்லா மாடல் எஸ் ப்ளெய்ட் காரில் உள்ள டிராக் ஸ்ட்ரிப் மோடு, பாய்ச்சலுக்கு முன் பேட்டரியையும் மோட்டார்களையும் சரியான வெப்பநிலைக்குக் கொண்டுவரச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வது இதனால்தான். அதே டெஸ்லாவில் `சில்' என்று ஒரு மோடும் உண்டு. அதில் கார் சாதுவாகக் கிளம்பும்.

மோடால் மாற்ற முடியாதவை

ஸ்போர்ட் மோடு, டயரின் பிடிமானத்தைக் கூட்டாது. மழையில் நனைந்த சாலையில் டயர் வழுக்கினால், டிராக்‌ஷன் கன்ட்ரோல் உடனே டார்க்கைக் குறைக்கும். ஆனால், இல்லாத பிடிமானத்தை அதனால் உருவாக்க முடியாது. இந்தக் கார்களின் எடையும் இரண்டு டன்னைத் தாண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடந்துவிடுவீர்கள். 3.8 விநாடிகளில் இந்த வேகத்தைத் தொடும் காரில், எதிரே வருவதைக் கவனித்து பிரேக்கில் கால் வைக்கும் நேரம் மட்டும் மனிதருக்குக் குறையவில்லை.

ஈகோ மோடில் போட்டுவிட்டாலே ரேஞ்ச் கூடிவிடும் என்பதும் பாதி உண்மைதான். நகர நெரிசலில் அது உதவும். நெடுஞ்சாலையில் சார்ஜைத் தின்பது பெரும்பாலும் காற்றின் எதிர்ப்பு. 80-ல் போகும் கார் 110-க்குப் போனால், அந்த எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். அங்கே எந்த மோடையும்விட வேகத்தைக் குறைப்பதுதான் பலன் தரும்.

இவற்றைக் கவனியுங்கள்!

* வீட்டில் பலர் ஓட்டும் கார் என்றால், கிளம்பும் முன் ஸ்க்ரீனில் மோடைப் பாருங்கள். கடைசியாக ஓட்டியவர் ஸ்போர்ட்டில் விட்டிருக்கலாம்.

* புதிதாக எலெக்ட்ரிக் கார் ஓட்டுபவர்களுக்கு முதல் சில வாரங்கள் ஈகோ அல்லது நார்மலே போதும்.

* மழையிலும் சேற்றிலும் ஸ்போர்ட் வேண்டாம். `ஸ்னோ' மோடு இருந்தால் பயன்படுத்தலாம். பனிக்காக வந்ததென்றாலும், டார்க்கை மெதுவாக விடுவதுதான் அதன் வேலை.

* பேட்டரி 100 சதவிகிதம் நிரம்பியிருக்கும்போது, பல கார்களில் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் குறைவாகவே வேலை செய்யும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் வழக்கம்போல வேகம் குறையாமல் ஓடும். காலை பிரேக்குக்குத் தயாராக வைத்திருங்கள்.

* ஈகோவில் பெடலை முழுதாக அழுத்தினால் முழு பவரும் வருமா, வராதா என்பது காருக்குக் கார் மாறும். மேனுவலைப் படித்துவிடுங்கள். லாரியை ஓவர்டேக் செய்யும்போது அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.