ஆறரை மணிக் கள்ளு

அக்காவின் மகன் பாரிஸிலிருந்து வந்திறங்கிய அன்றிரவே கைத்தொலைபேசியில் படம் காட்டத் தொடங்கிவிட்டான். பூர்கோன் பகுதி. இரண்டு பக்கமும் முந்திரிகைத் தோட்டம், நடுவில் ஒடுங்கிய பாதை, அதில் இவனும் இரண்டு கூட்டாளிகளும் சயிக்கிளில். ஊருக்கு ஊர் நின்று, நிலவறைக்குள் இறங்கி, ஆளுக்கு ஒரு வாய் வைன் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்கு மிதிப்பார்களாம்.

"இஞ்சை இப்படி ஒண்டும் இல்லையோ மாமா?"

"இருக்கு. விடிய அஞ்சு மணிக்கு எழும்பு."

அவன் சிரித்தான். நான் பகிடி விடவில்லை. கொடிகாமத்தில் பிறந்து, முப்பது வருடத்துக்கு மேல் இரசாயனவியல் படிப்பித்து ஓய்ந்தவன் நான். நொதித்தல் பாடத்துக்கு உதாரணம் தேடி ஒருநாளும் புத்தகத்தைப் புரட்டியதில்லை. வேலிக்கு அப்பால் நின்ற தென்னையே போதுமாக இருந்தது.

முந்திரிகை யாழ்ப்பாணத்தில் இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு சொல்: நாங்கள் திராட்சையைத்தான் முந்திரிகை என்போம், கஜு எங்களுக்கு மரமுந்திரிகை. வலிகாமத்துச் செம்மண்ணில் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். தோலகட்டியில் 1928இல் தொடங்கிய செபமாலைதாசர் ஆச்சிரமத்து முந்திரிகை இரசத்தைத் தெரியாத வீடு குறைவு. ஆனால் எங்கள் தென்மராட்சி மணல். மணலில் கொடி படராது என்றில்லை. தென்னையும் பனையும் நிற்கிற இடத்தில் கொடியைப் பற்றி யார் நினைப்பார்கள்?

என்னுடைய பழைய ரலி சயிக்கிளை அவனுக்குக் கொடுத்தேன். எனக்குப் பக்கத்து வீட்டு லுமாலா. மாதம் சித்திரை. வைகாசி பிறந்தால் சோளகக் காற்று எழும்பிவிடும். பிறகு தெற்கே மிதிப்பது மதிலோடு மல்லுக்கட்டுகிற மாதிரி. பனையும் தென்னையும் இரண்டும் சுரக்கிற காலமும் இதுதான். தென்னை ஆண்டு முழுவதும் தரும். பனைக்குத் தை, மாசி தொடங்கி ஆடி மட்டும்தான் வாய்ப்பு.

முதலில் தெற்கே, கச்சாய்ப் பக்கம். ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்த ஊர். இப்போது கடனீரேரிக் கரையில் இறால் வலையும் வள்ளமும். வழியில் ஒரு தென்னங்காணியில் எனக்குத் தெரிந்த சீவல் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு மரம், காலையும் மாலையும் என்று நாளுக்கு இருபத்துநான்கு தரம் ஏறி இறங்குகிறார். நாங்கள் போன நேரம் அவர் எட்டாவது மரத்தின் வட்டுக்குள் இருந்தார். காலில் தளைநார், இடுப்பில் கத்தி.

கீழே நின்றபடியே மருமகனுக்கு விளங்கப்படுத்தினேன். தென்னையின் விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கி வரிந்து, சின்னப் பொல்லால் நாளும் மெல்லத் தட்டிப் பதப்படுத்துவார்கள். நுனியைச் சீவி முட்டியைக் கட்டினால் சாறு சொட்டத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு சீவல், கடதாசித் தடிப்புக்கு. தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் வாய் காய்ந்து அடைத்துவிடும். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தால் மரம் பொறுக்காது. இந்தத் தொழிலுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அவர் இறங்கினார். மரத்தடியில் விற்கக் கூடாது, கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது ஒழுங்கு. அவர் விற்கவில்லை, தந்தார். அதுவும் பனையோலையில் கோலிய பிளாவில். கண்ணாடிக் கோப்பையில் குடித்தால் கள்ளுக்கு முகம் இல்லாமல் போய்விடும். ஓலையின் வாசம் முதலில் மூக்கில் ஏற வேண்டும்.

மருமகன் பழக்கதோசத்தில் பிளாவை ஆட்டி, மணந்து, ஒரு வாய் இழுத்தான். பிறகு கேட்டான், "இது எத்தினையாம் ஆண்டுக் கள்ளு?"

சீவல்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஆறரை மணிக் கள்ளு தம்பி."

அவர் சொன்னதில் ஒரு பகுதி பகிடி, மிச்சம் இரசாயனம். பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்பு நீர். ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சீனி. முட்டிக்குள் விழுந்த கணமே வேலை தொடங்கிவிடும். மதுவமும் பற்றீரியாவும் காற்றிலும் பாளையிலும் இருக்கின்றன. நேற்றைய கள்ளின் மண்டி மண்முட்டியின் நுண்துளைகளிலும் ஒட்டிக்கிடக்கிறது. யாரும் எதையும் சேர்க்கத் தேவையில்லை. சில மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கு, ஐந்து என்று மதுசாரம் ஏறும். அடுத்த நாளுக்குள் அசற்றிக் அமிலம் பிடித்துப் புளித்து, அங்கிருந்து வினாகிரிக்குப் போகும். இதையெல்லாம் தடுக்க எங்கள் ஊர் வழி, முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவது. சுண்ணாம்புக்குள் மதுவம் வளராது. அப்போது கிடைப்பது கருப்பநீர். பனையின் கருப்பநீரைக் காய்ச்சி ஓலைக் குட்டானில் ஊற்றினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே சாறு. ஒரு விரல் சுண்ணாம்புதான் தேநீரோடு கடிப்பதையும் கள்ளுத் தவறணையில் குடிப்பதையும் பிரிக்கிறது.

வைன் பொறுமையான சாமான். கடல் கடந்து போகும். ரோமச் சாடிகளில் அரிக்கமேடு வரை வந்திருக்கிறது. சாடி உடைசல்கள் அங்கே மண்ணுக்குள் கிடந்தன. கள்ளு அப்படி வராது. நீங்கள்தான் அதனிடம் போக வேண்டும், அதுவும் நேரத்துக்கு. சங்கங்கள் போத்தலில் அடைத்தும் விற்கின்றன, வெளிநாட்டுக்கும் போகிறது. சூடாக்கி அடைத்த போத்தல் கள்ளைக் குறை சொல்ல மாட்டேன். அது கள்ளின் புகைப்படம், அவ்வளவுதான்.

ஆளுக்கு ஒரு பிளாவோடு நிறுத்தினோம். மிதிக்க வேண்டிய தூரம் கிடந்தது. ஆனால் ஒரு போத்தலில் கொஞ்சம் நிரப்பி, மூடியை இறுக்காமல், கரியரில் கட்டிக்கொண்டேன். நிலவறை இல்லாத நாட்டில் கரியர்தான் நிலவறை.

எட்டு மணிக்குக் கொடிகாமம் சந்தி. சந்தையில் தேங்காய் குவிந்து கிடந்தது. சாவகச்சேரிப் பலாவும் மீசாலை மாம்பழமும் தங்கள் ஊர்களில் பெரிய பேர். இங்கே தேங்காய்தான் ராசா. முன்பெல்லாம் பருத்தித்துறைக்குப் போகிற தட்டிவான் இங்கிருந்துதான் புறப்படும். பலகை உடம்பு, பின்னால் சங்கிலியில் தொங்குகிற தட்டி, அதில் தேங்காய் மூட்டை, அதற்கு மேல் ஆட்கள். மருமகன் போத்தலைத் திறந்து ஒரு வாய் பார்த்தான். இனிப்புக் குறைந்திருந்தது, நாக்கில் சுருக்கென்று குத்தியது. "ஷாம்பேன் மாதிரி," என்றான். கரியமிலவாயு, வேறொன்றுமில்லை.

வடக்கே வரணி வீதியில் திரும்பினோம். இந்தப் பாதையில் சயிக்கிள் மிதிக்கும்போது எனக்கு எப்போதும் 1995 ஐப்பசி முப்பதாம் திகதி ஞாபகம் வரும். வலிகாமம் முழுவதும் சண்டைக்குப் பயந்து ஓர் இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. கரியரில் அரிசி மூட்டை, பாரில் பிள்ளை, கைபிடியில் பானை. எங்கள் வளவில் ஒவ்வொரு தென்னைக்குக் கீழும் ஒரு குடும்பம் இருந்தது. ஐந்து வருடம் கழித்து நாங்களும் எழும்பினோம். 2000 சித்திரையில் ஆனையிறவுப் படைமுகாம் விழுந்தது, வைகாசியில் சண்டை தென்மராட்சிக்குள் வந்தது. திரும்பி வந்தபோது வளவில் பாதி மரங்களுக்குத் தலை இல்லை.

இதை மருமகனுக்குச் சொன்னபோது அவன், பூர்கோனில் ஒவ்வொரு மாரியிலும் கொடியை ஒட்ட வெட்டுவார்கள், வசந்தத்தில் தளிர்க்கும் என்றான். தென்னைக்கும் பனைக்கும் அந்த வரம் இல்லை. குருத்து ஒன்றுதான், அது போனால் மரம் போனது. புதிய தென்னை பாளை விட ஆறேழு வருடம், பனைக்குப் பதினைந்து, இருபது வருடம். இன்று நீங்கள் பார்க்கிற இளந்தென்னைகள் பலவும் 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு வைத்தவை.

வரணியில் சங்கத்தின் விற்பனை நிலையம். 1970களில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகுதான் தொழிலாளிக்கு நிலையான வாங்குமிடம் கிடைத்தது. அதற்கு முன்னர் குத்தகைக்காரர் ஏலம் எடுத்த தவறணைகள். மீதியாகும் கள்ளு வடிசாலைக்குப் போகும். இதே வீதியால் வடமராட்சிக்குள் நுழைந்து போனால் திக்கம் வடிசாலை இருக்கிறது. காலை பத்தரைக்கு நிலையத்தின் முன்னால் ஏழெட்டுச் சயிக்கிள், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் கான். இந்தத் தொழிலுக்கு லொறி சரிவராது, குலுக்கி நுரைத்துவிடும் என்றார் ஒருவர். அது எவ்வளவு சரியோ, எனக்குப் பிடித்திருந்தது.

வாங்கில் இருந்து பனங்கள்ளும் பொரித்த மீனும். பனங்கள்ளு தென்னங்கள்ளைவிடக் காரம், கொஞ்சம் கடுப்பு. மருமகன் அதையே உயர்வு என்றான். நான் தென்னங்கட்சி. இந்த வழக்குத் தென்மராட்சியில் தீராது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் கட்டுரை பொய்யாகிவிடும். பூர்கோனில் வைன் செய்கிறவரின் பெயர் போத்தலில் இருக்கும். எங்கள் ஊரில் கள்ளுச் சீவுகிறவரின் பெயரைச் சொல்லாமல் சாதியைச் சொன்னார்கள். என் தாத்தா காலைக் கள்ளு வராவிட்டால் முற்றத்தில் நடையாய் நடப்பார். கொண்டுவந்து கொடுத்தவரைப் படலைக்கு உள்ளே விட்டதில்லை. தேநீர்க்கடைகளில் அவர்களுக்குத் தனிக் கோப்பை, சில இடங்களில் சிரட்டை. 1960களின் கடைசியில் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க்கடைக்குள் சமமாக இருந்து குடிக்கப் போராடித்தான் அந்த நிலை அசைந்தது. அவர்கள் கையால் கோலிய பிளாவில் குடித்த வாய்கள்தான் அவர்களுக்குக் கோப்பை தர மறுத்தன. தாத்தாவை எனக்குப் பிடிக்கும். இந்த விடயத்தில் அவரைக் காப்பாற்ற என்னிடம் ஒரு நியாயமும் இல்லை.

வரணி தாண்டி முள்ளிப் பக்கம் போனால் மரங்கள் விலகி வெளி திறக்கும். தரவை, உவர்நீர், தூரத்தில் நாரைகள். அங்கேதான் பின்சில்லுக்குக் காற்றுப் போனது. கருவேல முள். ஒரு மணி நேரம் உருட்டினோம், ஒரு பூவரசு நிழலும் இல்லை. பயணம் போகிறவர்கள் ஒட்டுச் சாமானும் காற்றுப் பம்பும் தண்ணீரும் கொண்டுபோகவும். நான் கள்ளுப் போத்தலை மட்டும் கவனமாகக் கொண்டுபோயிருந்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு அதைத் திறந்து பார்த்தோம். இனிப்பு முழுதாகப் போய், வெண்மை தடித்து, புளிப்பு முன்னுக்கு வந்திருந்தது. காலையில் குழந்தை, மத்தியானம் குமர், இப்போது கோபக்காரக் கிழவர். மருமகன் மூன்று நேரத்துச் சுவையையும் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டான்.

ஐந்தரைக்கு வீட்டு வாசலில் சயிக்கிளைச் சாத்தினோம். அந்த நேரம் கச்சாய்ப் பக்கத்துக் காணியில் அவர் இரண்டாந்தரமாக ஏறிக்கொண்டிருப்பார். போத்தலில் மிஞ்சியிருந்த கள்ளை மனைவி ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டுபோய் அப்ப மாவுக்குள் ஊற்றிக் கரைத்து வைத்தா. விடிய மா பொங்கிச் சட்டி விளிம்புக்கு வந்திருந்தது. மருமகன் ஏழு அப்பம் சாப்பிட்டான்.