ஹைபர்னேட்டில் என்டிட்டி வகுப்பு இணைவமைப்பு

ஹைபர்னேட் என்பது ஜாவா நிரல்களையும் உறவுசார் தரவுத்தளங்களையும் இணைக்கும் ஒரு மென்பொருள் சட்டகம் ஆகும். கேவின் கிங் இதனை 2001இல் தொடங்கினார். நிரலில் உள்ள எந்த வகுப்பு எந்த அட்டவணைக்கு உரியது, அதன் எந்தப் பண்பு எந்த நெடுவரிசைக்கு உரியது என்று சட்டகத்துக்குத் தெரிவிப்பதே என்டிட்டி வகுப்பு இணைவமைப்பு எனப்படும். தொடக்கக் காலத்தில் இவ்விவரங்கள் தனி எக்ஸ்எம்எல் கோப்புகளில் எழுதப்பட்டன. 2006இல் ஜேபிஏ என்னும் பொதுத் தரம் வெளிவந்த பின், வகுப்பின் தலையிலேயே குறிப்புரைகளாக எழுதுவது வழக்கமாயிற்று.

ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். ‘நூல்’ என்ற வகுப்பின் மேல் @என்டிட்டி என்றும், அதன் அடையாள எண்ணின் மேல் @ஐடி என்றும் எழுதினாலே போதும், இணைவு உருவாகிவிடும். தரவுத்தளத்திலிருந்து படிக்கும்போது ஹைபர்னேட் முதலில் ஒரு வெற்றுப் பொருளை உருவாக்கிப் பின்னரே அதை நிரப்புகிறது. ஆகவே உள்ளீடு எதுவும் கேட்காத ஆக்கி ஒன்று அவ்வகுப்பில் இருக்க வேண்டும்.

அடையாள எண்ணாக ஐஎஸ்பிஎன்னை வைக்கலாமே என்று தோன்றும். வைக்காமல் இருப்பதே நல்லது. பழைய நூல்கள் பலவற்றுக்கு அந்த எண்ணே கிடையாது. 2007இல் அது 10 இலக்கத்திலிருந்து 13 இலக்கமாகவும் மாறியது. வெளியுலகம் மாற்றக்கூடிய எதையும் முதன்மைச் சாவி ஆக்காமல், தரவுத்தளமே வழங்கும் எண்ணைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

எழுதியவற்றைவிட எழுதாமல் விட்டவையே இங்கு அதிகத் தொல்லை தருகின்றன. சொல்லாதவற்றுக்கெல்லாம் சட்டகம் தானாக ஒரு முன்னிருப்பு விதியைக் கையாளும். எழுத்துத் தொடரின் நீளம் 255 என்று அது எடுத்துக்கொள்வது சிறிய செய்தி. நிலைப்பட்டியல் அப்படியன்று. நூலின் நிலை ‘இருப்பில்’, ‘இரவலில்’, ‘தொலைந்தது’ என மூன்று என்று கொள்வோம். வேறு எதுவும் சொல்லாவிட்டால் இவை 0, 1, 2 என்ற வரிசை எண்களாகவே சேமிக்கப்படும். ஓராண்டு கழித்து ஒருவர் ‘பழுதுபார்ப்பில்’ என்ற நிலையை இரண்டாவது இடத்தில் செருகுகிறார். அந்த நொடியிலிருந்து இரவல் போன நூல்களெல்லாம் பழுதுபார்ப்பில் இருப்பதாகவும், தொலைந்த நூல்களெல்லாம் யாரோ ஒருவரிடம் இரவலில் இருப்பதாகவும் காட்டப்படும். பிழைச்செய்தி எதுவும் வராது. @எனுமரேட்டட் குறிப்புரையில் ‘ஸ்ட்ரிங்’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் நிலைகள் பெயராகவே பதிவாகியிருக்கும். பெயரைப் பின்னால் மாற்றினால் அதிலும் சிக்கல் உண்டுதான். ஆனால் அந்தச் சிக்கல் பிழைச்செய்தியாகக் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது உறவுகள். ஒரு பதிப்பகத்துக்குப் பல நூல்கள். அயல் சாவி நூல் அட்டவணையில் இருப்பதால் உறவின் உரிமையாளர் நூல்தான். பதிப்பகத்தின் பக்கம் ‘மேப்டுபை’ என்று குறிக்க மறந்தால், ஹைபர்னேட் இவற்றை இரு வேறு உறவுகளாகக் கருதி, தேவையற்ற மூன்றாவது அட்டவணை ஒன்றைக் கேட்கும். சரியாகக் குறித்த பிறகும், பதிப்பகத்தின் பட்டியலில் மட்டும் நூலைச் சேர்த்துவிட்டு, நூலில் பதிப்பகத்தைக் குறிப்பிடாமல் விட்டால் அயல் சாவி வெறுமையாகவே இருக்கும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது.

பதிப்பகத்திடம் உள்ள நூல் பட்டியல், கேட்கும்போது மட்டுமே தரவுத்தளத்திலிருந்து வரும். 40 பதிப்பகங்களைப் படித்து ஒவ்வொன்றின் நூல்களையும் சுழற்சியில் காட்டினால், பதிப்பகங்களுக்கு 1, நூல்களுக்கு 40 என 41 வினவல்கள் ஓடும். இதற்கு இணைவமைப்பை மாற்ற வேண்டியதில்லை. அந்த ஒரு வினவலில் ‘ஜாயின் ஃபெட்ச்’ சேர்த்தால் எல்லாம் ஒரே தடவையில் வந்துவிடும்.

வகுப்புகளைப் பார்த்து அட்டவணைகளைத் தானே அமைக்கும் வசதியும் ஹைபர்னேட்டில் உண்டு. ‘கிரியேட்’ என்ற அமைப்பு ஒவ்வொரு தொடக்கத்திலும் பழைய அட்டவணைகளை அழித்துப் புதியன ஆக்கும். பயிற்சிக்கு ஏற்றது, உண்மையான தரவு உள்ள இடத்தில் பேராபத்து. ‘அப்டேட்’ அழிக்காது. ஆனால் ஒரு பண்பின் பெயரை மாற்றினால், அதைப் புதியது என்று கருதி வெற்று நெடுவரிசை ஒன்றைச் சேர்க்கும். பழைய தரவு பழைய பெயரிலேயே கிடக்கும். பயன்பாட்டில் உள்ள தரவுத்தளத்துக்கு, எதையும் மாற்றாமல் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும் ‘வேலிடேட்’ ஏற்றது.

பழைய பாடநூல்களைப் பார்த்து எழுதுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022இல் வந்த ஹைபர்னேட் 6, ‘ஜகார்த்தா’ என்று தொடங்கும் தொகுப்பில் உள்ள குறிப்புரைகளையே ஏற்கிறது. ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கும் பழைய தொகுப்பிலிருந்து @என்டிட்டி எடுக்கப்பட்டிருந்தால், அவ்வகுப்பை அது என்டிட்டியாகவே கணக்கில் கொள்ளாது.